அங்குசத்துக்குப் பணம் கேட்கிறேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. என் பதில் தாமதமானதற்குக் காரணம், என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். ஆயுள் முழுவதும் யாரிடமும் ஒரு பேனாகூடக் கடன் கேட்காதவன் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் கை நீட்டுகிறேன். சிரிக்காதே.

மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்பயிற்சிக் கூடம் பற்றிச் சென்ற முறை எழுதியிருந்தேன் அல்லவா? அதற்குத்தான் நான் பொருளாளர். கருவிகள் வந்துவிட்டன. அதில் ஒரு சிரமமும் இல்லை, பெயர் பொறிக்க இடம் இருக்கிறதே! கையால் சுற்றும் சைக்கிளைத் தருவதற்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். பயிற்சியாளர் சம்பளம், மின்கட்டணம் என்று அடுத்த தாளை நான் திருப்பும்போதுதான் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடுகிறது. யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிறார்கள்.

"உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏ.சி. எதற்கு? வியர்க்கத்தானே வருகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். ஆறு மாதத்துக்கு முன் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை. உடம்பு சூடாகிக்கொண்டே போகும். தணிய வழி இருக்காது. இதயத் துடிப்பும் மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறாது. ஆகவே கருவியின் திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப முடியாது. முகத்தைப் பார்த்து, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு நடத்தத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்குத்தான் அலைகிறேன்.

ஒரு பெண்மணி வருகிறார். விரல்கள் மடங்காது. பயிற்சியாளர் அவர் உள்ளங்கையைக் கைப்பிடியில் பொருத்தி, அகலமான பட்டையால் சுற்றி ஒட்டுவார். மணிக்கட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் தன் விரலை நுழைத்துப் பார்ப்பார். அந்த இடத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் இறுக்கம் தெரியாமல் தோல் புண்ணாகிவிடும். பிறகுதான் பளுவை இழுக்க விடுவார். நாள் முழுவதும் சக்கர நாற்காலியின் சக்கரத்தை முன்னால் தள்ளுகிறவர்களுக்குத் தோள்தான் முதலில் தேயுமாம். அதனால் பின்னோக்கி இழுக்கும் பயிற்சி முக்கியம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பயிற்சியாளர்தான்.

சென்ற மாதம் நன்கொடையாளர் ஒருவர் புகைப்படக்காரரோடு வந்தார். "கொஞ்சம் சோகமாகப் பாருங்களேன்" என்று அந்தப் பெண்மணியைக் கேட்டார் புகைப்படக்காரர். அவர் இழுப்பதை நிறுத்தவில்லை. "இன்னும் ஐந்து முறை இழுக்க வேண்டும். முடித்துவிட்டுச் சோகப்படுகிறேன்" என்றார். நன்கொடை வரவில்லை. மனிதனாக எனக்கு மகிழ்ச்சி; பொருளாளராக அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வேண்டுகோள் கடிதத்தை நான்கு முறை மாற்றி எழுதிவிட்டேன். முதல் வரைவில், 1948இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் டாக்டர் குட்மன் 16 பேரை வைத்து நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து ஆரம்பித்திருந்தேன். அதுதானே பின்னால் பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது! குழுவில் ஒருவர், "பணம் கேட்கிறீர்களா, பாடம் நடத்துகிறீர்களா?" என்று கேட்டு அந்தப் பகுதியையே அடித்து நீக்கிவிட்டார். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்துச் சொன்னதை மட்டும் விட்டுவைத்தார்கள்.

இப்போது மொத்தத் தொகையைக் கேட்பதில்லை. ஒருவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கொடுக்க என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டேன். மாதம் ஒரு மணி நேரத்தை ஓராண்டுக்கு ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறேன். பெயர்ப் பலகை கிடையாது, புகைப்படம் கிடையாது; மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவுத் தாள் மட்டும் வரும். இதுவரை பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் அங்கே பயிற்சிக்கு வருகிறவர்களே.

ஐந்தாவது வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளி நாட்களில் என் கட்டுரைகளைச் சிவப்பு மையால் நாசமாக்கியவன் நீ. அந்தப் பேனா இன்னும் இருந்தால் எடு. பரிதாபம் எங்காவது எட்டிப் பார்த்தால் அடித்துவிடு. பன்னிரண்டாவது ஆளாக உன்னைச் சேர்க்கலாமா என்பதையும் அதிலேயே எழுதி அனுப்பு.

என்றும் உன்,
பழைய பெஞ்சுத் தோழன்