தண்ணீர் கொட்டிய கோலம்

எஸ்ஸன், ஜெர்மனி
26 அக்டோபர் 2025

அன்புள்ள வசந்தி,

நீ தீபாவளிக்கு அனுப்பிய தேன்குழல் நேற்றுதான் வந்து சேர்ந்தது, பாதி தூளாக. முழுசாக இருந்ததை இவர் தீர்த்தார். தூளைத் தயிர்சாதத்தில் தூவி நான் தீர்த்தேன். எனக்குக் கிடைத்ததுதான் நல்ல பங்கு.

இன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கும் நாள். வருஷத்தில் ஒருமுறை இனாமாக வரும் அந்த ஒரு மணி நேரத்தை உனக்கே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் திட்டுகிறது. ரம்யா வேலை மாறி பெர்லினுக்குப் போய்விட்டாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். அதை இன்னொரு கடிதத்தில் புலம்புகிறேன்.

உன் மாமியார் கதையைப் படித்து இவரும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம். கேட் ஓரத்தில் முக்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரை, கம்ப்யூட்டர் வரைபடத்துக்காகத் தெருத்தெருவாகப் படம் எடுக்கும் அந்த வரைபடக் கார் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டார்கள். ஆனால் திருச்சியில் இருக்கும் உன் நாத்தனார் பார்த்த மாத்திரத்தில் "ஐயோ அம்மா!" என்று கத்தினாளாமே. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்காரும் அந்த உட்காரலும், அந்த அரக்குச் சுங்குடியும், மடியில் கிடக்கும் சொளகும் போதாதா, முகம் வேறு எதற்கு? யாரென்றே தெரியாதவனிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். நாத்தனார், பக்கத்துவீட்டுக்காரி, கடன் கொடுத்தவன் எல்லாருக்கும் பளிச்சென்று தெரிகிறது. மனுஷன் ஒளிந்துகொள்வது பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்துதானேடி?

முகம் தேடும் அந்த இயந்திரத்தின் சாமர்த்தியத்தையும் கேட்டுக்கொள். 2016இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டின் மூஞ்சியை மனித முகம் என்று நினைத்து கூகுள் மங்கலாக்கி வைத்திருந்தது. மாட்டின் மானத்தைக் காப்பாற்றியதற்காக ஊரே சிரித்தது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஃப்ளாட் செகரட்டரி மீட்டிங் போட்டு பில்டிங் முழுவதையும் மங்கலாக்கச் சொல்லலாம் என்கிறார். மாமியாரோ கம்ப்யூட்டரில் வந்துவிட்ட குஷியில் 'கூடவே கூடாது' என்கிறார். ஜெர்மனியில் இதற்குப் பெரிய ரகளை நடந்ததாமே, என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். அந்த ரகளை எங்கள் மாடிப்படியிலேயே நடந்தது.

2010. நாங்கள் இங்கே வந்து நாலு வருஷம். தெருவில் நின்று பார்ப்பது போலப் படம் காட்டும் கூகுளின் ஸ்ட்ரீட் வியூ, அமெரிக்காவில் 2007இலேயே வந்துவிட்டது. ஜெர்மனியில் 20 பெரிய நகரங்களை வருஷ முடிவுக்குள் வெளியிடப்போகிறோம் என்று கூகுள் அந்த ஆகஸ்டில் அறிவித்தது. எங்கள் ஊரும் பட்டியலில் உண்டு. என் வீடு தெரியக் கூடாது என்பவர்கள் அக்டோபர் 15க்குள் எழுதிக் கொடுத்தால் வெளியிடும் முன்பே மங்கலாக்கிவிடுவார்கள். சொந்த வீட்டுக்காரர்தான் எழுத வேண்டும் என்று இல்லை. எட்டுக் குடித்தனம் உள்ள கட்டிடத்தில் ஒரே ஒரு வாடகைக்காரர் எழுதினாலும் மொத்தக் கட்டிடமும் போய்விடும். அப்படி எழுதியவர்கள் 2,44,237 பேர். அந்த நகரங்களின் குடும்பங்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் கொஞ்சம் கம்மி.

அதில் ஒருவர் எங்கள் மேல்வீட்டு அம்மாள்.

நவம்பரில் படங்கள் வந்தன. அண்ணன் பையன் கும்பகோணத்தில் லாப்டாப்பைத் திறந்து அம்மாவுக்கு எங்கள் தெருவைக் காட்டினான். பேக்கரி தெரிந்தது, டிராம் தண்டவாளம் தெரிந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் வெள்ளைவெள்ளையாக ஒரு குழப்பம். அம்மா போனில் கேட்டாள்: "ஏண்டி, உன் வீடு மட்டும் தண்ணி கொட்டின கோலமாட்டம் இருக்கே, ஏதாவது கடன் தொல்லையா?" எனக்கு அழுகையாக வந்தது. நாலு வருஷமாக அம்மாவிடம் வர்ணித்துக்கொண்டிருந்த வீடு. ஜன்னலில் தொட்டி வைத்து ஜெரேனியம் வளர்த்திருந்தேன். எல்லாம் போச்சு.

நேரே மாடி ஏறிப் போய்ச் சண்டை பிடித்தேன். எனக்கு அப்போது வந்த ஜெர்மனில் சண்டை போடுவது என்றால் கற்பனை செய்துகொள். அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வீடு முழுக்க அட்லஸ். வரைபடத்தின் மேல் அவ்வளவு ஆசை உள்ளவருக்கு இது ஏன் பிடிக்கவில்லை? காபி போட்டுக் கொடுத்துவிட்டு, 1983இலிருந்து கதையை ஆரம்பித்தார்.

அந்த வருஷம் மேற்கு ஜெர்மனி அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப் பார்த்தது. 'பதில் சொல்ல மாட்டோம்' என்று ஊர் ஊராக ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். நமக்கு இது விநோதம். சென்சஸ்காரர் வந்தால் நாம் மோர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்காததையும் சொல்வோம். ஆனால் இங்கே 1939 கணக்கெடுப்பில் தாத்தா பாட்டிகளில் யார் யூதர் என்று தனிச் சீட்டில் எழுதி வாங்கினார்கள். அது என்னத்துக்கு உதவியது என்பது உனக்கே தெரியும். கடைசியில் 1983 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: தன்னைப் பற்றிய தகவலில் எது வெளியே போகலாம் என்று தீர்மானிப்பது அந்தந்த மனுஷரின் உரிமை. கணக்கெடுப்பே நின்றுபோய், மாற்றி எழுதி 1987இல்தான் நடந்தது. "அன்றைக்கு அரசாங்கத்தையே நிறுத்திவைத்தோம், ஒரு கம்பெனி என் ஜன்னலை என்னைக் கேட்காமல் எடுப்பதா?" என்றார் அந்த அம்மாள்.

அவர் கோபத்துக்கு அந்த வருஷமே இன்னொரு காரணமும் கிடைத்தது. கார் மேல் இருந்தது கேமரா மட்டுமில்லையாம். போகிற வழியெல்லாம் வீடுகளின் வைஃபையையும் மோந்துகொண்டே போயிருக்கிறது. பூட்டுப் போடாத வைஃபையில் அந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது எதுவோ, மின்னஞ்சல் துண்டோ கடவுச்சொல்லோ, அதையும் சேர்த்து அள்ளியிருக்கிறது. ஹாம்பர்க் நகரத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் யோஹன்னஸ் காஸ்பர் விடாமல் துருவிக் கேட்ட பிறகு, 2010 மே மாதம் கூகுள் ஒப்புக்கொண்டது. தவறிப்போய் நடந்தது என்றார்கள். 2013இல் ஹாம்பர்க் போட்ட அபராதம் 1,45,000 யூரோ. அமெரிக்காவில் 38 மாநிலங்கள் சேர்ந்து 70 லட்சம் டாலர் வாங்கின. அந்தக் கம்பெனிக்கு அது டீச்செலவு. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த கேமராவைப் பற்றி நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கண்ணுக்குத் தெரியாத மூக்கு ஒன்று வேலை பார்த்திருக்கிறது பார்.

இதன் நடுவே ஆல்ப்ஸ் பக்கம் ஓபர்ஸ்டாஃபன் என்று ஒரு சின்ன ஊர், 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று கேக் செய்து வரவேற்றது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர், வேறென்ன செய்யும்! ஜெர்மனியில் முதலில் வெளியான படங்கள் அந்த ஊருடையவைதான்.

எங்கள் எஸ்ஸன் கதை வேறு. மங்கலாக்கிய வீடுகளைத் தேடிப் பிடித்து யாரோ முட்டை அடித்தார்கள், தபால் பெட்டியில் 'கூகுள் சூப்பர்' என்று சீட்டு ஒட்டினார்கள். எங்கள் கட்டிடம் தப்பித்தது. உங்கள் செகரட்டரியிடம் இதை அவசியம் சொல். வரிசையாக முப்பது வீடு தெளிவாக இருக்கும்போது ஒன்று மட்டும் புகைமூட்டமாக இருந்தால் கண் அங்கேதான் போகும். என் அம்மாவே கடன் தொல்லையா என்று கேட்டாள் என்றால் ஊரார் என்னென்ன கேட்பார்கள்?

ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. "தெருவில் நடக்கிறவர் பார்க்கட்டும், அதற்குத்தான் ஜன்னல். இது நடக்கிறவரின் கண் இல்லை" என்றார். உடனே எனக்கு அப்பா ஞாபகம் வந்தார். எதிர்மாடியில் காலேஜ் பையன்கள் குடிவந்ததும் காம்பவுண்டு சுவரை ஏற்றிக் கட்டினாரே, நினைவிருக்கிறதா? கொத்தனாரை நிறுத்திவைத்துவிட்டு சைக்கிளில் ஏறித் தெருவில் போய்வந்து, துவைக்கிற கல் தெரிகிறதா என்று பார்ப்பார். 'இன்னும் ஒரு வரி வை' என்பார். மறுபடி சைக்கிள். நீயும் நானும் கிணற்றடியில் நின்று சிரித்தோம். மாடியிலிருந்து பார்க்கிறவனை அந்தச் சுவர் ஒன்றும் செய்யாது என்பது வேறு. சைக்கிளில் போகிறவன் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஒரு விரற்கடை மேலே நம் வீடு ஆரம்பித்தது.

வரைபடக் கார் அந்தக் கணக்கைத்தான் கெடுத்துவிட்டது. அதன் கேமரா நடக்கிறவர் கண்ணைவிட உயரத்திலிருந்து பார்க்கிறது. ஜப்பானில் இதே புகார்தான். அங்கே தெருக்கள் குறுகல், வேலிகள் தாழ்வு. 2009இல் கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி, எடுத்த ஊர்களையே மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டது. நாற்பது சென்டிமீட்டர்! அப்பாவின் நாலைந்து வரிச் செங்கல். சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2012இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: நடந்து போகிறவர் கண்ணுக்குத் தெரியாத முற்றத்தையும் தோட்டத்தையும் கேட்காமல் காட்டக் கூடாது, கேமரா இரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உன் மாமியார் விஷயமும் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடம், சிறை, பெண்கள் காப்பகம் போன்ற இடங்களின் முன்னால் முகத்தை மறைத்தால் மட்டும் போதாது, தோலின் நிறம், உடுப்பு, ஊன்றுகோல் கூட அடையாளம் தெரியக் கூடாது என்றார்கள். சுங்குடியைப் பற்றி யோசித்த நீதிபதிகள்!

அர்ஜென்டினாவில் ஒரு போலீஸ்காரர் தன் வீட்டுப் பின்கட்டில், ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவருக்குப் பின்னால், ஒன்றுமே உடுத்தாமல் நின்றிருக்கிறார். 2017இல் கார் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டு எண்ணும் தெருப் பெயரும் வேறு படத்தில் தெளிவாக இருந்தன. ஊரும் ஆபீசும் சிரித்திருக்கின்றன. கீழ்க் கோர்ட்டு 'நீ ஏன் அப்படி நின்றாய்' என்றது. மேல் கோர்ட்டு இந்த ஜூலையில், சுவர் இருந்ததே என்று சொல்லி ஏறக்குறைய 12,500 டாலர் கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் தங்கள் தனிப் பாதைக்குள் கார் நுழைந்ததற்காக வழக்குப் போட்ட தம்பதிக்கு 2010இல் கிடைத்தது ஒரு டாலர்.

நம் ஊரில் யாரும் இதைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கேட்டவர்கள் எல்லாம் அரசாங்கத்தார். 2011இல் பெங்களூரில் கார் ஓட ஆரம்பித்தது, அடுத்த மாதமே போலீஸ் நிறுத்தியது. 2016இல் உள்துறை மறுத்தது. காரணம் பாதுகாப்பு, ராணுவ இடங்கள். பிறகு 2021இல் விதியை மாற்றி, இந்தியக் கம்பெனிகள் படம் எடுக்கலாம், வெளிநாட்டுக்காரர் அவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2022 ஜூலையில் ஜெனெசிஸ், டெக் மஹிந்திரா எடுத்த படங்களோடு சென்னை உட்படப் பத்து நகரங்கள் வந்தன. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். இத்தனைக்கும் 2017இலேயே நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். நங்கநல்லூரில் 'உங்கள் கேட்டை எடுக்கப்போகிறோம், ஆட்சேபம் உண்டா' என்று யாராவது உன்னைக் கேட்டார்களா? விடிகாலையில் நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கோலம் போடுகிறவள் எத்தனை பேர் அந்த ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் இருப்பாள்? பால்காரர் பார்க்கிறார்தான், ஆனால் நானும் அவரைப் பார்க்கிறேனே.

உங்களுக்கு என் யோசனை: மொத்த பில்டிங்கும் வேண்டாம். கூகுளில் ஒருமுறை மங்கலாக்கினால் அப்புறம் திரும்பவே வராது, நாளைக்கு ஃப்ளாட் விற்க நினைக்கிறவர் செகரட்டரியைத் தான் திட்டுவார். மாமியாரிடம் கேளுங்கள். அவர் படம், அவர் சொல்லட்டும். இந்த ஒரு விஷயத்திலாவது அவர் சொல்வதைக் கேட்டோம் என்று இருக்கட்டும். (கோபித்துக்கொள்ளாதே.)

மேல்வீட்டு அம்மாள் 2019இல் போய்விட்டார். அட்லஸ் ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. 2023இல் இங்கே புதுப் படங்கள் வந்தபோது பழைய ஆட்சேபங்கள் செல்லாது, வேண்டுமானால் புதிதாகக் கேளுங்கள் என்றார்கள். அவருக்காகக் கேட்க ஆள் இல்லை. எங்கள் கட்டிடம் இப்போது பளிச்சென்று தெரிகிறது. பார்ப்பதற்கு அம்மாவும் இல்லை.

இப்போது இந்தத் தெருப்படம் எடுக்கும் வரைபடங்கள் நாலைந்து இருக்கின்றனவே, அதில் ஒன்றில் போன மாதம் ரம்யா எங்கள் வீட்டைத் தேடிவிட்டு போனில் சிரி சிரி என்று சிரித்தாள். பால்கனிக் கொடியில் என் நைட்டி. போன தடவை பாண்டிபஜாரில் நீ வாங்கிக் கொடுத்தாயே, அந்த மஞ்சள் பூப்போட்டது. மங்கலாக்கச் சொல்லும் பக்கத்தைத் திறந்தேன், பிறகு மேல்வீட்டு ஜன்னலைப் பார்த்தேன், அப்படியே மூடிவிட்டேன். கொடியை மட்டும் குளியலறைக்கு மாற்றிவிட்டேன். நைட்டி கிழிந்து துடைக்கிற துணியாகிவிட்டது. படத்தில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்த பார்சலில் மணத்தக்காளி வற்றல் மறக்காதே.

உன்,
கமலா