விற்கிற காருக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

அன்பு மகளுக்கு,

காரை விற்பதற்கு முன் கதவில் இருக்கும் கீறலுக்கும் பின் பம்பருக்கும் பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். படங்களைப் பார்த்தேன். கதவுக்கு அடிக்கவே வேண்டாம். பானெட் முனையில் கல் தெறித்துப் பெயின்ட் போன புள்ளிகளை மட்டும் கவனி, அதிலும் தகரம் தெரிகிறவற்றை முதலில்.

கம்பெனியில் அடித்து வரும் பெயின்ட், எல்லாப் பூச்சும் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் இருக்கும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). பழைய கார் வாங்கி விற்பவர்கள் சின்ன மீட்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாக ஒற்றிப் பார்ப்பார்கள். மற்ற இடமெல்லாம் 120 காட்டி ஒரு கதவு மட்டும் 300 காட்டினால், அது மறுபடி பெயின்ட் அடித்த கதவு. பள்ளத்தை நிரப்பப் பட்டி (putty) வைத்திருந்தால் இன்னும் பல மடங்கு காட்டும். சின்னக் கீறலுக்காகத்தான் அடித்தேன் என்று நீ சொன்னாலும், இடிபட்ட வண்டியோ என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் கீறலுக்கு ஏதோ ஒரு தொகையைக் குறைப்பார்கள். சந்தேகம் வந்துவிட்டால் எவ்வளவு குறைப்பார்கள் என்று சொல்லவே முடியாது.

உன் வண்டி சில்வர் மெட்டாலிக் வேறு. அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும். ஒரு கதவை மட்டும் அடித்தால் நேரே நின்று பார்க்கையில் சரியாக இருக்கும், சாய்ந்து பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதை மறைக்கப் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் இழுத்து அடிக்க வேண்டும். ஒரு கதவுச் செலவு இரண்டு மூன்று கதவுச் செலவாகும்.

முதலில் கார் ஷாம்பூ போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தித் துடை. கீறலின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பார். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் அது நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான பூச்சோடு, அதாவது கிளியர் கோட்டோடு, நின்ற கீறல். நகத்தைக் குறுக்கே ஓட்டும்போதும் தடுக்காது. இதற்கு ரப்பிங் காம்பவுண்ட் என்கிற தேய்க்கும் பசை போதும். பட்டாணி அளவு எடுத்து, ஸ்பாஞ்ச் பேடில் வைத்து, கையாலேயே மெதுவாகத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துப் பார். பாதி மங்கினாலே நிறுத்திவிடலாம். கிளியர் கோட்டே 40, 50 மைக்ரான்தான். கதவின் ஓரத்திலும் மடிப்புக் கோட்டிலும் அது இன்னும் மெலிசு, அங்கே அழுத்தித் தேய்த்தால் அடிநிறம் வெளியே வந்துவிடும். நகம் தடுக்கிற கீறலை அப்படியே விட்டுவிடு.

பம்பரில் தெரிகிற வெள்ளைத் தடம் முழுவதும் உன் வண்டியின் கீறல் இல்லை என்று நினைக்கிறேன். உரசிய வண்டியின் பெயின்ட் ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். அதுவும் அதே காம்பவுண்டில் போகும். தின்னரை மட்டும் தொடாதே, பெயின்ட்டையே கரைத்துவிடும்.

பானெட் புள்ளிகளை ஏன் விடக் கூடாது என்றால், தகரம் வெளியே தெரிந்தால் துரு பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ பானெட்டுக்கு அடியிலோ கலர் நம்பர் இருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பாட்டில் வாங்கு, கூடவே கொஞ்சம் பிரைமரும். பாலிஷ் வேலையை முடித்த பிறகே இதைத் தொடு. பாலிஷின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது, ஆகவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடு. துரு இருந்தால் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) துண்டைப் பென்சில் முனையில் சுற்றி அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டு. தகரம் தெரியும் இடத்தில் பிரைமர் ஒரு துளி, காய்ந்ததும் நிறம். மூடியோடு வரும் பிரஷ் இதற்குப் பெரிது, பல் குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வை. பள்ளத்துக்கு வெளியே வழியக் கூடாது. ஒரே தடவையில் நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே காயாமல் சுருங்கிப்போகும். மெலிசாக இரண்டு மூன்று தடவை, நடுவில் ஒரு மணி நேரமாவது விட்டு வை. மறுநாள் கிளியர் கோட் ஒரு துளி. கிட்டே வந்து பார்த்தால் தெரியத்தான் செய்யும், தெரியட்டும்.

பம்பர் பிளாஸ்டிக், துருப் பிடிக்காது. சாதாரண மீட்டரும் அதில் வேலை செய்யாது. பம்பரை மறுபடி அடித்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. பெயின்ட் பட்டையாக உரிந்து தொங்கினால் அதை மட்டும் அடிப்பதில் நியாயம் உண்டு. அதற்கும் முன்னால் வண்டியை இப்படியே இரண்டு பேரிடம் காட்டி விலை கேள். பம்பருக்காக எவ்வளவு குறைக்கிறார்கள் என்றும் கேள். பெயின்ட் செலவு அதைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால்தான் அடி.

ஹெட்லைட் மஞ்சளடித்திருக்கிறதே, கீறலைவிட அதுதான் வண்டியைப் பழசாகக் காட்டுகிறது. முதலில் அதைப் பாலிஷ் போடச் சொல்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது கதவுக் கீறலைக் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிடு. நேரில் வந்து பார்த்த பிறகு அதைக் காட்டிப் பேரம் பேச இடம் இருக்காது. டச்-அப் பாட்டிலில் மீதி இருந்தால் வாங்குகிறவரிடமே கொடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா