கடுக்காய் வாங்க மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்களுக்கு

நுண்ணுயிரியல் துறை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு, அப்பாவின் நாட்டு மருந்துக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவன். ஜனவரி பிறந்தால் உங்கள் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். "அண்ணே, கடுக்காய்ப் பொடி நூறு கிராம், ப்ராஜெக்டுக்கு." காயா, பிஞ்சா, கொட்டை நீக்கியதா என்று கேட்டால் விழிக்கிறார்கள். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்பார்கள்; சுக்கில் தோல் ஆகாது, கடுக்காயில் உள்ளே இருக்கும் கொட்டை ஆகாது. கொட்டையோடு அரைத்த பொடியும் தோலை மட்டும் அரைத்த பொடியும் ஒன்றாகுமா?

அதை எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, கிருமி பூசிய அகார் கூழ்த் தட்டில் குழி போட்டு ஊற்றி, மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை ஸ்கேலால் அளந்தால் ஆய்வு முடிந்தது. நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

ஆனால் கடுக்காய் கிருமியைத் தடுக்கும் என்பது பழைய செய்தி. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அசராத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைக் கடுக்காயில் எது தடுக்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-லேயே பிரித்துப் பார்த்து, காலிக் அமிலத்தையும் அதன் எத்தில் எஸ்டரையும் (அந்த அமிலம் எத்தனாலோடு சேர்ந்தால் உண்டாகும் பொருள்) காட்டிவிட்டார்கள். அதிலும் எனக்கு ஒரு குடைச்சல் உண்டு. அந்த எஸ்டர் காயிலேயே இருந்ததா, எத்தனாலில் ஊறும்போது உருவானதா? எத்தனாலுக்குப் பதில் அசிட்டோனும் தண்ணீரும் கலந்து ஊறவைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஒரு மாணவருக்கு இதுவே போதுமான ப்ராஜெக்ட்.

அப்புறம் டானின், அதாவது துவர்ப்புச் சத்து. கெபுலாஜிக் அமிலம், கெபுலினிக் அமிலம் என்று கடுக்காயில் அது கொட்டிக் கிடக்கிறது. தோல் பதனிடக் கடுக்காயைப் போட்டதே அதற்காகத்தான். டானின் எந்தப் புரதம் கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியிருக்க, கிருமி செத்தது மருந்தாலா, வெறும் துவர்ப்பாலா? டானினை நீக்கிய சாற்றையும் பக்கத்தில் வைக்காமல் எப்படிச் சொல்வது? பெரிய மூலக்கூறுகள் அகாருக்குள் மெதுவாகத்தான் பரவும் என்பதால் வளையத்தின் அளவையும் அப்படியே நம்ப முடியாது. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது எவ்வளவு குறைந்த அளவு சாறு கிருமியை வளரவிடாமல் நிறுத்துகிறது என்பதைப் பாருங்கள். மனித செல்களுக்கு அதே அளவு என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள்.

சரி, கருவி இல்லை, பணம் இல்லை என்பீர்கள். தெரியும். சாற்றில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் மெல்லடுக்குப் பிரிகைத் (TLC) தட்டுக்குப் பெரிய செலவில்லை. முழுக்காயாக வாங்கி, தாவரவியல் துறையில் ஒரு மாதிரியைக் காட்டி, இது கடுக்காய்தான் என்று பதிந்துவைக்கச் செலவே இல்லை.

அடுத்த முறை பிள்ளைகளை அனுப்பும்போது பொடி கேட்கச் சொல்லாதீர்கள். மூட்டை எந்த மலையிலிருந்து வந்தது, எந்த மாதம் வந்தது என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறேன்.