சீரியல் நடிப்பையும் நடிப்பாகப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் தொலைக்காட்சித் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கதையை ஜவ்வாக இழுப்பது, பெண்களை அழவிட்டே காலம் தள்ளுவது என்று அதில் சொன்ன குறைகளில் பலவும் எனக்கு உடன்பாடுதான். ஆனால் நடிகர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: எல்லாரும் மிகையாக நடிக்கிறார்களாம். எந்த நடிகர், எந்தக் காட்சி என்று ஒன்றும் இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீடாமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் முழுக்கக் கடையில் டிவி ஓடும். விடியற்காலையில் நடவுக்கு இறங்கிய பெண்கள் மதியம் கரையேறி, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். விவரம் தெரியாமல் பார்ப்பவர்கள் என்று இவர்களை நினைத்துவிட வேண்டாம். "குரல்தான் கோவப்படுது, கண்ணு படல பாரு" என்று ஒரு நடிகையைப் பார்த்து ஒரு அம்மா சொன்னார். அந்தக் கட்டுரையில் அப்படி ஒரு வாக்கியம்கூட இல்லை.

எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய், பல வருஷமாக சீரியல்களில் பெரியம்மா, மாமியார் வேஷம் கட்டும் ஒருவர் என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பார். பெயரைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. தன் வேஷத்துக்கான புடவை, ஜாக்கெட்டெல்லாம் பெரும்பாலும் அவர் கைக்காசில்தான். ஒரு காட்சியில் பாதியை இன்றைக்கு எடுப்பார்கள், மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். அதற்குள் ஜாக்கெட் வெளுத்துவிடக் கூடாது. கழுத்தோரம் மஞ்சள் கறை பட்டுவிடக் கூடாது. கன்டினியூட்டி, அதாவது காட்சித் தொடர்ச்சி, போய்விடும். தொடர் எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியாதே, அதனால் உடம்பு போட்டால் பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே துணி கூடுதலாக விட்டுத் தைக்கச் சொல்வார்.

ஒருநாள் பிராம்ப்டிங் எப்படி நடக்கிறது என்று கடையிலேயே செய்து காட்டினார். கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் நின்றுகொண்டு வசனத்தை வரி வரியாக உரக்கப் படிப்பார். நடிகர் அதைக் கேட்டு, உடனே கோபத்தோடோ அழுகையோடோ சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பின்னால் டப்பிங் பேசிக்கொள்வார்கள் என்பதால் படிக்கிற சத்தம் பதிவாவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. என்னை ஒரு பத்திரிகையிலிருந்து நாலு வரி படிக்கச் சொல்லிவிட்டு எதிரே நின்றார். நான் படிக்கப் படிக்க, தாய்வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு வந்த மகளிடம் பேசுகிற மாதிரியே திருப்பிச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. நான் படிப்பதைக் கேட்கிறார் என்பதற்கான அடையாளம் முகத்தில் எங்குமே இல்லை. "காதுல விழறது மூஞ்சியில தெரியக் கூடாதும்மா, அதுதான் எங்க தொழிலு" என்றார். மேடை நாடகத்தில் ஒத்திகை உண்டு. சினிமாவில் டேக் மேல் டேக் போக நேரம் உண்டு. இவர்களுக்கு இரண்டும் இல்லை. காலையிலிருந்து இரவு வரை, அன்றைக்கு எடுக்க வேண்டியதை அன்றைக்கே எடுத்து முடித்தாக வேண்டும்.

மத்தியானத் தொடர் என்றால் இளக்காரம் இன்னும் கூடுதல். ராத்திரி ஒளிபரப்பாகும் தொடருக்கு வருகிற விளம்பரக் காசு இதற்கு வராது, செலவையும் சுருக்குவார்கள். பத்திரிகையில் பெயர்கூட வராது. சன் டிவியில் 'சந்திரலேகா' 2014-இல் ஆரம்பித்து 2022-இல்தான் முடிந்தது. இரண்டாயிரம் பகுதிகளைத் தாண்டிய தொடர். எட்டு வருஷம் ஒரே பாத்திரத்தைச் சுமந்தவர் ஸ்வேதா பண்டேகர். கதை எந்தெந்தத் திசையிலோ போனது, அதில் எனக்கும் குறை உண்டு. ஆனாலும் எட்டு வருஷம் ஒரு பெண்ணாக வாழ்ந்து காட்டியதைப் பற்றி உருப்படியான ஒரு விமர்சனம் எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் என் கண்ணில் படவில்லை.

2023-இல் 'விடுதலை' படம் வந்தபோது போலீஸ் அதிகாரியாக நடித்த சேத்தனை எல்லாரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' தொடரில் மாணிக்கமாக அவர் வந்தபோதே, இந்த மனுஷனைப் பார்த்தாலே வயிறு எரிகிறது என்று எங்கள் தெருவில் திட்டித் தீர்த்தார்கள். அந்த மாணிக்கத்தின் அம்மா ராஜமாக வந்த சாந்தி வில்லியம்ஸும் அப்படித்தான் திட்டு வாங்கினார். அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, உதட்டை இழுக்கிற இழுப்பில் அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும். ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் சம்பந்தி வீட்டில் நிற்கிற நிற்பில், நம் ஊர்த் தகப்பன்மார் எத்தனை பேரைப் பார்க்கலாம்! 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, அது முதலில் வந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த ஊரடங்கில் புதிய படப்பிடிப்பு நின்றுபோனது. நாள் கணக்கில் சம்பளம் வாங்குகிற துணை நடிகர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அப்போது எழுதியவர்கள் குறைவு.

'எதிர்நீச்சல்' தொடரின் மாரிமுத்துவைப் பற்றி எழுதினோமே என்று நீங்கள் கேட்கலாம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து உதவி இயக்குநராகப் பல வருஷம் உழைத்து, படம் இயக்கி, சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள் செய்தவர், ஆதி குணசேகரனாக வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தெரிந்தார். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அதன் பிறகுதான் பக்கம் பக்கமாக வந்தது. அவருக்குப் பதில் வேல ராமமூர்த்தி வந்தார். ஊரே துக்கம் விசாரித்த ஒருவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதே ஆளாக அதே அதட்டலோடு பேசுவது எவ்வளவு கடினம்! 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த நடிகர் அன்றைக்கு என்ன செய்தார் என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டாமா?

தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நடிப்பு புதிதல்ல. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்திக்கு பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் நடக்கிறது. ஆண்களே பெண் வேஷம் கட்டுகிறார்கள். பிரகலாதனின் அம்மா லீலாவதியாக வருபவரின் நடை, அபிநயம், குரல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அந்தக் கண்ணில் பாதியாவது மத்தியானம் இரண்டு மணிக்கு நடிப்பவர்கள் மீதும் படட்டும் என்றுதான் கேட்கிறேன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் டைட்டில் பாட்டையே பல நாள் வெட்டிவிடுகிறார்கள். போட்டாலும் பெயர்கள் ஓடுகிற வேகத்தில் படிக்க முடிவதில்லை. அதனால் தினமும் பார்ப்பவர்களுக்கே நடிகரின் பெயர் தெரியாது, பாத்திரத்தின் பெயர்தான் தெரியும். உங்கள் இதழ் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். அந்த மாதத்தில் ஒரு தொடரில் நன்றாக நடித்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பெயரை முழுசாகப் போட்டு, எந்தக் காட்சியில் என்ன செய்தார், எங்கே கோட்டை விட்டார் என்று எழுதுங்கள். கதாநாயகி, கதாநாயகனை விட்டுவிட்டு முதலில் அம்மா, மாமனார், வேலைக்காரி வேஷக்காரர்களிலிருந்து ஆரம்பியுங்கள். குறை சொல்ல வேண்டியிருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களும் சொல்வார்கள், அவர்கள் சொல்வதையும் எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம்.