முகமாலைக் காணியும் துறைமுகத்துச் சான்றிதழும்

தண்டையார்ப்பேட்டை,
சென்னை.

அன்பு நண்பர் தவராசா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இலங்கையின் வடக்கே முகமாலையில் உங்கள் தகப்பனாரின் காணி மிதிவெடி அகற்றப்பட்டு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால், ஒப்படைத்து நான்கு மாதமாகியும் கிணற்றுக்கு அப்பால் நிற்கும் தென்னைகளின் பக்கம் இன்னும் கால் வைக்கவில்லை என்று நீங்கள் கடைசியில் எழுதியிருந்த வரிதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. உங்களை நீங்களே கேலி செய்துகொள்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள் புழல் அகதி முகாமிலிருந்து பேருந்து பிடித்து வந்து மணலியில் பழைய இரும்பு யார்டில் கணக்கெழுதிய நாட்களில், நான் ‘கண்ணிவெடி’ என்றால் நீங்கள் ‘மிதிவெடி’ என்று திருத்துவீர்கள். ஊர் வழக்கு வேறு, அவ்வளவுதான் என்று அப்போது விட்டுவிட்டேன். கண்ணி என்ற சொல்லில் வைத்தவன் இருக்கிறான், மிதி என்ற சொல்லில் மிதித்தவன் இருக்கிறான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கண்ணிவெடிகளாலும் போருக்குப் பின் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 2023ஆம் ஆண்டில் இறந்தவர்களும் காயமுற்றவர்களுமாக உலகெங்கும் 5,757 பேரை ‘லேண்ட்மைன் மானிட்டர்’ என்ற கண்ணிவெடிக் கண்காணிப்பு ஆண்டறிக்கை பதிவு செய்திருக்கிறது. அவர்களில் இன்னார் என்று தெரியவந்தவர்களில் 84 சதவீதம் பொதுமக்கள். நாடுவாரியாகப் பார்த்தால் மியான்மர் முதலிடத்தில் நிற்கிறது. அங்கு மட்டும் 1,003 பேர். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நாம் நின்றுகொண்டே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவோமே, அந்தக் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருடைய குடும்பம் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உறவினர் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

என் கதைக்கு வருகிறேன். 2004இல் காசியாபாத்தில் ஓர் எஃகு ஆலையில், வெளிநாட்டிலிருந்து பழைய இரும்போடு கலந்து வந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பிறகு, இரும்பு கப்பலேறும் இடத்திலேயே அதைச் சோதித்து, வெடிபொருள் ஏதும் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டுமென்று விதி இறுக்கப்பட்டது. சுங்கத் தரகு அலுவலகத்தில் நான் ஓய்வு பெறும்வரை அப்படிப்பட்ட சான்றிதழ்களை நூற்றுக்கணக்கில் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஒருநாள் மணலியில் ஒரு யார்டில், அத்தகைய சான்றிதழோடு வந்த கன்டெய்னரைக் கவிழ்த்தபோது, துருப்பிடித்த கம்பிகளுக்கு நடுவே முழங்கை நீளத்தில் பச்சை வண்ணம் பூசிய குழல் ஒன்று உருண்டு வந்து நின்றது. கிரேன் ஓட்டியவர் இயந்திரத்தை அணைக்காமலே இறங்கி ஓடினார். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்த்து, அது வெறும் கூடு என்று சொல்லும்வரை நாங்கள் எல்லோரும் சாலையில் நின்றோம். சான்றிதழ் என் கையில்தான் இருந்தது. முத்திரையும் கையெழுத்தும் குறையில்லாமல் இருந்தன. கையெழுத்திட்டவர் அந்தக் குவியலை நேரில் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. அதன்மேல் ஏறி நின்று கம்பி வெட்டப் போகிறவர் அவரல்லர் என்பது மட்டும் உறுதி.

அதனால் தாளை நம்பி நடக்க மாட்டேன் என்கிற உங்கள் மனம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் உங்கள் காணியின் தாளுக்குப் பின்னால் இருப்பது வேறு விதமான வேலை; அதை விளக்கியதும் நீங்களேதான். வெடி அகற்றும் வேலையில் இருக்கும் உங்கள் தங்கை மகள் முகக்கவசமும் கனத்த மேலங்கியும் அணிந்து, அந்த வெயிலில் முழங்காலிட்டு, ஒரு மீட்டர் அகலப் பாதையில் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி முன்னேறுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பிளாஸ்டிக் கூட்டில் செய்த பி4 போன்ற மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு என்பதால், கருவி எழுப்பும் ஓசையை மட்டும் நம்பாமல், வாரியால் மண்ணையே வாரிப் பார்க்க நேர்கிறது. புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியோ, பெட்டி உளுத்த பின்னும் உள்ளே மருந்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அவள் நாள் முழுவதும் தோண்டியதில் கிடைத்தவை பதினோரு ஆணிகளும் இரண்டு தோட்டாக் கூடுகளும் என்ற இடத்தில் நான் நிறுத்தி மறுபடி படித்தேன். ஒவ்வோர் ஆணியையும் வெடி என்று எண்ணியே அவள் நெருங்கியிருக்க வேண்டும்.

வெடி அகற்றும் அமைப்புகளில், 1988இல் காபூலில் தொடங்கிய ஹாலோ அறக்கட்டளையும், 1989இல் தொடங்கிய மேக் அமைப்பும் 2002 முதல் உங்கள் பக்கம் வேலை செய்கின்றன. 2010இல் உங்கள் நாட்டிலேயே டாஷ் அமைப்பும் உருவாயிற்று. வெடியைப் புதைத்தது ராணுவமா, புலிகளா என்பது இவர்களுக்கு எந்த ஆழத்தில் தேடுவது என்று முடிவு செய்ய உதவும் தகவல், அவ்வளவே. (கம்போடியாவில் மகாவா என்ற ஆப்பிரிக்க எலி மோப்பம் பிடித்தே வெடிகளைக் கண்டுபிடித்து 2020இல் தங்கப் பதக்கம் பெற்றது என்று பேத்தியிடம் சொன்னேன். காசிமேட்டுப் பெருச்சாளிகளை மட்டுமே அறிந்த அவள் நம்ப மறுத்துவிட்டாள்.)

இந்த வெடிகளைத் தடை செய்யும் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உங்கள் நாடு 2017 டிசம்பரில் சேர்ந்தது. எங்கள் நாடு இன்றுவரை சேரவில்லை என்பதை உங்களுக்கு எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. ரஷ்யாவை அஞ்சி லித்துவேனியா, பின்லாந்து, போலந்து முதலிய நாடுகள் 2025இல் விலக முடிவெடுத்தன. அவர்கள் அச்சம் பொய்யன்று. ஆயினும் எந்தப் படையை நினைத்துப் புதைக்கிறார்களோ அந்தப் படை போன பிறகும் வெடி அங்கேயே கிடக்கும் என்பதை அவர்கள் முகமாலைக்கு வந்து கேட்டிருக்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது பல நாடுகளில் வெடி அகற்றும் பணி பாதியில் நின்றது. உங்கள் தங்கை மகளின் சம்பளம் தடைபடாமல் வருகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது. முழங்கால் வலி சற்று அடங்கியதும் வரலாம் என்றிருக்கிறேன். அவளுக்கு விடுமுறை உள்ள நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் முன்னே நடக்கட்டும், நாம் இருவரும் பின்னால் கிணற்றைத் தாண்டிப் போய் எத்தனை தென்னை பிழைத்திருக்கிறது என்று எண்ணிவிட்டு வருவோம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்,
ஏகாம்பரம்