50 ஆண்டு முடிந்துவிட்டது, ஐயா

மதிப்பிற்குரிய வரலாற்றுத் துறைப் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் இராமேசுவரம் தீவில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவன். அஞ்சல்வழியில் எம்.ஏ. வரலாறு படித்தவன் என்பதால் உங்களுக்கு மாணவன் முறை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, கச்சத்தீவைப் பற்றி எங்களைப் போன்றவர்கள் படிக்கிற மாதிரி தமிழில் உங்களில் யாராவது எழுதக் கூடாதா என்று கேட்டேன். மேடையிலிருந்த மூத்த பேராசிரியர், "அது நடப்பு அரசியல், தம்பி. வரலாறாக ஒரு ஐம்பது வருஷமாவது போகட்டும்" என்றார். அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். திரும்பி வரும்போது, பஸ் பாம்பன் பாலத்தில் ஏறுகையில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கச்சத்தீவு இலங்கைக்குப் போன இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது 1974 ஜூனில். 2024 ஜூனோடு 50 ஆண்டு முடிந்துவிட்டது, ஐயா.

அந்தக் கேள்வியை நான் பொழுது போகாமல் கேட்கவில்லை. 2024 தேர்தல் நேரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களை வைத்து, கச்சத்தீவை விட்டுக்கொடுத்தது யார் என்று நடந்த சண்டை உங்களுக்குத் தெரியும். கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானமும் தெரியும். அது நடந்து சில நாளில், என் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றான். அவன் அப்பா பங்குனியில் பிடிபட்டு யாழ்ப்பாணத்தில் சிறையில் இருந்தார்.

"சார், ஒப்பந்தத்துல நம்ம ஆளுங்க அங்க மீன் பிடிக்கலாம், வலை காயப்போடலாம்னு எழுதியிருக்காம். அப்புறம் ஏன் சார் எங்க அப்பாவப் பிடிச்சாங்க?"

யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறான். "பாத்துட்டு வந்து சொல்றேன்டா" என்றேன்.

அந்தச் 'சொல்றேன்' பதினொரு வாரம் இழுத்தது. வழக்கறிஞர்களும் பத்திரிகையாளர்களும் தமிழில் எழுதியிருக்கிறார்கள், புண்ணியமாகப் போகட்டும். ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கும்போது யாரை நம்புவது? கடைசியில் உங்களில் ஒருவர் ஆங்கில ஆய்விதழில் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. முதல் பக்கம் மட்டும் இலவசம். மீதியைப் படிக்க நாற்பது டாலருக்கு மேல். கூச்சத்தை விட்டு அவருக்கே கடிதம் போட்டேன். பெரிய மனசு, மறுநாளே அனுப்பினார். கோடை விடுமுறையில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "மறுபடியும் ஏதாவது பரீட்சையா?" என்று வீட்டில் கேட்டார்கள்.

பையனுக்கான பதில் ஓர் அடிக்குறிப்பில் கிடந்தது. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. அதில் வலை என்ற சொல்லும் இல்லை, மீன்பிடித்தல் என்ற சொல்லும் இல்லை. ஆறாம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களுக்கும் மற்றவர் கடலில் வழிவழியாக இருந்த உரிமை தொடரும் என்கிறது. மீன்பிடி உரிமை காப்பாற்றப்பட்டிருக்கிறது என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் உறுதியும் கொடுத்தார். பிறகு 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்றானது அதில்தான். நெருக்கடி நிலைக் காலம். தமிழகத்தில் ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இவ்வளவுதான் விஷயம். தமிழில் எழுதினால் இரண்டு பக்கம் வராது.

ஜூலையில் இதை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் சொன்னேன். அவன் அப்பா வந்துவிட்டிருந்தார், படகு வரவில்லை. "அது தெரியும் சார்" என்று இன்னொரு வீடியோவைக் காட்டினான். அதில் 1976 என்ற ஆண்டே இல்லை.

என் கோரிக்கை இதுதான்: ஒரு விஷயம் ஊரெல்லாம் பேச்சாக இருக்கும்போதே, அந்த மாதத்திலேயே, தமிழில், காசில்லாமல் படிக்கிற மாதிரி நான்கு பக்கம் எழுதுங்கள்.

எங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதச் சொல்லவில்லை. கச்சத்தீவுக்கு இராமநாதபுரம் சேதுபதி ஜமீன் கொடுத்த குத்தகைப் பத்திரங்களில் தொடங்குங்கள். விசைப்படகுகள் வந்த பிறகு நம் பக்கத்துக் கடல் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்த இலங்கை வடபகுதித் தமிழ் மீனவன், 2009-க்குப் பிறகு கடன் வாங்கி விரித்த வலை நம் படகுகளின் இழுவைமடியில் கிழிந்ததையும் சேர்த்து எழுதுங்கள். அதை நான் வகுப்பில் சொன்னால், "சார் எந்தப் பக்கம்?" என்பார்கள். நீங்கள் சொன்னால், உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சொல்வேன்.

கச்சத்தீவோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2023 மே மாதம் புதிய நாடாளுமன்றத்தில் வைக்கச் செங்கோல் வந்தது. பத்து நாளைக்கு ஊரில் எல்லோரும் வரலாற்றறிஞர்கள், உங்களைத் தவிர. கீழடி அகழாய்வின் 982 பக்க அறிக்கையை மத்தியத் தொல்லியல் துறை திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியது. கரிமக் காலக்கணிப்பு என்றால் என்ன, எதை நம்பலாம், எதைப் பொறுத்திருந்து பார்க்கலாம் என்று டீக்கடையில் எனக்கு விளக்கியவர் ஒரு ரியல் எஸ்டேட் தரகர். ஏழு பேர் படிக்கும் கட்டுரைக்குப் பதவி உயர்வுப் புள்ளி உண்டு. ஏழாயிரம் பேர் படிக்கும் கட்டுரைக்கு, "பேப்பருக்கெல்லாம் எழுதுறாரு" என்று ஓய்வறையில் ஒரு நக்கல்தான் கிடைக்கும். தொ. பரமசிவனும் ஆ. சிவசுப்பிரமணியனும் எங்கள் தெருவின் வரலாற்றை எங்களுக்குப் புரிகிற தமிழில் எழுதினார்கள். இருவருமே தமிழ்த்துறை! உங்கள் துறையில் ஆ. இரா. வேங்கடாசலபதி இருக்கிறார் என்று உடனே சொல்வீர்கள். இருக்கிறார். எத்தனை காலத்துக்கு அவர் ஒருவர் பெயரையே சொல்லிக்கொண்டிருப்பது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். நானும் அரசுச் சம்பளக்காரன். நடத்தை விதிகள் இருக்கின்றன; இன்று எழுதியது நாளை புது ஆவணம் வந்தால் மாறும்; தொலைக்காட்சியில் நாற்பது வினாடி கொடுத்து, வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். எல்லாம் சரி. ஒப்பந்தத்தில் இருப்பது இது, இல்லாதது இது, ஆவணம் இன்ன இடத்தில் இருக்கிறது, இதற்கு மேல் எங்களுக்கும் தெளிவில்லை என்று எழுத எந்த விதி தடுக்கிறது? தெளிவில்லை என்று ஒரு பேராசிரியர் தமிழில் எழுதினால், அதையே கரும்பலகையில் எழுதிப் போடுவேன்.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நான்கு பக்கம், தமிழில், பேச்சு ஓய்வதற்குள்.

அடுத்த கருத்தரங்குக்கு அழைப்பிதழ் வந்திருக்கிறது, முழுக்க ஆங்கிலத்தில். வருவேன். அதே கடைசி வரிசையில்தான் இருப்பேன். தேநீர் இடைவேளையில் யாராவது ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பையன் இப்போது பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கு முன்னால் உங்கள் கட்டுரை வந்தால் வகுப்பிலேயே வாசித்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் அஞ்சல்வழி மாணவன்,
இராமேசுவரம் தீவு