நெடுஞ்சாலையும் நம் பள்ளி வாசலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில், பள்ளி வாசலை ஒட்டி நின்றிருந்த ஒரு வேனின் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தேன். ஐயா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்துச் சில பிள்ளைகள் தரையில் தேடவே ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டத்திலிருந்து நெடுஞ்சாலை எப்படித் தெரிகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். தெரிந்தது ஒரு சக்கரமும் சேறு படிந்த மட்கார்டும் மட்டுமே. லாரி ஒன்று வரும் சத்தம் கேட்டது. எவ்வளவு தூரத்தில் என்று சொல்ல முடியவில்லை. அந்த லாரியை ஓட்டி வந்தவருக்கும் நான் தெரிந்திருக்க மாட்டேன்.

அந்த வேனை அங்கே நிறுத்தியவர் நம் பெற்றோர்களில் ஒருவர். அவர் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது.

இத்தனை ஆண்டுகளாகக் காலை வணக்கக் கூட்டத்தில் "இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து வாருங்கள்" என்று சொல்லி வந்திருக்கிறேன். இனியும் சொல்வேன். ஆனால் அது போதும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. சிறு பிள்ளைகள் வண்டி எவ்வளவு தள்ளி வருகிறது என்றுதான் பார்க்கிறார்கள். எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கணிக்கும் திறன் அவர்களுக்கு இன்னும் முதிரவில்லை. வண்டி தன் கண்ணுக்குத் தெரிந்தால் ஓட்டுநருக்கும் தன்னைத் தெரியும் என்றே குழந்தை நம்புகிறது. திட்டி மாற்றக்கூடிய விஷயம் அல்ல இது, வயது.

ஆகவே மாற வேண்டியது சாலையும் நாமும்தான். ஒன்பதாம் வகுப்பில் இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்த்தோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடிவிடும். குழந்தையைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக அந்த ஒரு விநாடியாவது ஆகும். அதே கார் 30 கிலோமீட்டரில் வந்தால், காய்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டருக்குள் முழுவதும் நின்றேவிடும். அதாவது, மெதுவாக வந்த கார் நின்றுவிட்ட இடத்தில் வேகமாக வந்த கார் இன்னும் பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. விடையைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பே சற்று நேரம் பேசவில்லை. பாரம் ஏற்றிய லாரிக்கும் மழை நாளுக்கும் கணக்கு இன்னும் மோசம்.

நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு பரிந்துரைத்ததும் இதனால்தான். புறவழிச்சாலை வந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். வரட்டும். அது வருவதற்குள் இப்போதைய ஆறாம் வகுப்பு பள்ளியை விட்டே போய்விடும்.

நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். வாசலுக்கு முன் 30 கிலோமீட்டர் வேக வரம்பு, வேகத்தடையாகவும் பயன்படும் வகையில் மேடாக்கப்பட்ட பாதசாரிக் கடப்பு, சாலையின் நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு ஆகியவற்றைக் கேட்கிறோம். எனக்கு மிக முக்கியமானது அந்தத் திட்டுதான். இரண்டு திசை வண்டிகளையும் ஒரே நேரத்தில் கணிப்பது பெரியவர்களுக்கே கடினம். திட்டு இருந்தால் பாதிச் சாலையை ஒரு முறை, மீதியை ஒரு முறை கடக்கலாம். பேருந்து நிறுத்தத்தையும் கடப்புக்கு அப்பால் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறோம். இப்போது பிள்ளைகள் நின்றிருக்கும் பேருந்தின் மூக்கை ஒட்டியே கடக்கிறார்கள். முந்திச் செல்லும் வண்டிக்கு அவர்கள் தெரிவதே இல்லை.

உங்களிடம் கேட்பதும் உண்டு. பிள்ளைகள் கடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள், ஒரு நிமிடம் என்றாலும். எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டு "ஓடிப் போ" என்று சொல்லாதீர்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு பள்ளிப் பக்கமே வந்து இறக்குங்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலையைக் கடக்க வையுங்கள்.

மனு அலுவலக அறையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்